லே போ கிராமத்துக் கேடயத்தில் பதினாறு கதிர் நட்சத்திரம்: பெத்லகேமிலிருந்து வந்ததா?

திருவாரூரான் எழுதியது:

பிரான்சின் தெற்கே ப்ரொவான்ஸ் பக்கம் லே போ என்று ஒரு மலைக்கிராமம். பாறை எங்கே முடிகிறது, கோட்டைச் சுவர் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. போன மாதம் குடும்பத்தோடு போயிருந்தோம். ஊருக்குள் நுழைந்ததிலிருந்து ஒரே சின்னம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது: சிவப்புக் கேடயம், நடுவில் வெள்ளை நட்சத்திரம். வழக்கமான ஐந்து முனை நட்சத்திரம் இல்லை. ஊசி ஊசியாகச் சுற்றிலும் கதிர்கள். என் மகள் விரல் வைத்து எண்ணி, பதினாறு என்றாள்.

அஞ்சலட்டை விற்ற கடைக்காரரிடம் கேட்டேன். "அது பெத்லகேம் நட்சத்திரம். இந்த ஊரின் பழைய பிரபுக்கள் பல்தசார் ராஜாவின் வம்சம்" என்று வெகு சாதாரணமாகச் சொல்லிவிட்டு மீதிச் சில்லறையை எண்ணத் தொடங்கிவிட்டார். குழந்தை ஏசுவைப் பார்க்கப் போன மூன்று ராஜாக்களில் ஒருவரின் வாரிசு பிரான்சில் எப்படி வந்து சேர்ந்தார்? இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கதை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்செய் மணி எழுதியது:

வணக்கம் நண்பரே. நான் இருக்கும் ஊரிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம், அதனால் விருந்தாளிகள் யார் வந்தாலும் அங்கேதான் கூட்டிப் போவேன். முதலில் அடிப்படை விவரம். ஆர்ல் நகருக்கு வடகிழக்கே, ஆல்பீய் என்ற சின்ன சுண்ணாம்புக்கல் மலைத்தொடரில் இருக்கிறது. இன்று நிரந்தரமாக வசிப்பவர்கள் சில நூறு பேர்தான். ஆனால் நடுக்காலத்தில் அங்கிருந்த பிரபுக்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. ப்ரொவான்ஸ் முழுக்க அவர்களுக்கு 79 இடங்கள் சொந்தம் என்று சொல்வார்கள்.

கடைக்காரர் சொன்ன கதை ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தக் குடும்பத்தின் முழக்கமே "அ லசார் பௌத்தசார்". 'பல்தசாரே, நடப்பது நடக்கட்டும்' என்கிற மாதிரி ஒரு சூதாடித் துணிச்சல். பழைய ப்ரொவான்சால் மொழியில் சொல்லிப் பார்த்தால் எதுகை இன்னும் நன்றாக விழும்.

முத்திரைப்பித்தன் எழுதியது:

மணி சொன்னது வரை சரி. ஆனால் "பிரபுக்கள் பல்தசார் வம்சம், அதனால் நட்சத்திரத்தைப் போட்டுக்கொண்டார்கள்" என்ற வரிசையில்தான் எனக்கு முட்டுகிறது. வரிசை தலைகீழ் என்பது என் கட்சி. நட்சத்திரம் முதலில் வந்தது, பல்தசார் பிறகு வந்தார்.

ஐரோப்பாவில் குலச்சின்னம் என்ற வழக்கமே 12ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் பிடித்துக்கொண்டது. தலையை மூடிய கவசம் போட்டுக்கொண்டு சண்டைக்குப் போனால் யார் நம் ஆள், யார் எதிரி என்று தெரியாது. அதனால் கேடயத்தில் தூரத்திலிருந்தே அடையாளம் தெரிகிற உருவம் தேவைப்பட்டது. அந்தக் காலக் கேடயம் மரப்பலகை. அதன் நடுவில் இரும்புக் குமிழும் அதிலிருந்து விளிம்பை நோக்கி ஓடும் இரும்புப் பட்டைகளும் இருக்கும். அந்தப் பட்டைகளுக்குச் சாயம் பூசினாலே கதிர் வீசும் சக்கரம் ஒன்று வந்துவிடும். நடுக்காலச் சின்னங்களில் வரும் சில கதிர் உருவங்கள் இப்படி ஆசாரியின் பட்டறையில் பிறந்தவை என்று ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. லே போவின் நட்சத்திரமும் அப்படிப் பிறந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம்தான், சத்தியம் செய்ய மாட்டேன்.

பெயரையும் பாருங்கள். லத்தீன் ஆவணங்களில் ஊரின் பெயர் 'பால்சியோ', 'பால்தியோ' என்றெல்லாம் வருகிறது. உள்ளூர்ப் பேச்சில் செங்குத்துப் பாறையைக் குறிக்கும் சொல், அவ்வளவுதான். இந்த ஒலியைக் கையில் வைத்துக்கொண்டு, கேடயத்தில் ஒரு நட்சத்திரத்தையும் வைத்துக்கொண்டு, பெரிய இடத்து மூதாதையரைத் தேடினால் யார் வந்து நிற்பார்? பல்தசார்தான். இதே குடும்பத்துக்கு இன்னொரு பூர்வீகக் கதையும் உண்டு. விசிகோத் என்ற பழைய ஜெர்மானிய இனத்து மன்னர்களின் 'பால்தி' குலத்தில் வந்தவர்கள் என்று. அதுவும் ஒலி ஒற்றுமையில் கட்டிய கதைதான். ஒரே குடும்பத்துக்கு இரண்டு ஆதி தாத்தாக்கள், இரண்டு பேரும் 'பால்' என்றே தொடங்குகிறார்கள்!

கனகாம்பரம் எழுதியது:

முத்திரைப்பித்தன் ஐயா, ஆசாரி பட்டறைக் கதையும் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்கும் சான்று கிடையாதே. நான் வேறு பக்கமிருந்து வருகிறேன்.

மத்தேயு நற்செய்தியில் ஞானிகள் எத்தனை பேர் என்றே இல்லை. பெயரும் இல்லை. ராஜாக்கள் என்றும் இல்லை. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று மூன்று காணிக்கை இருந்ததால் மூன்று பேர் என்று பின்னால் வந்தவர்கள் முடிவுகட்டினார்கள். கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்கள் இத்தாலியில் ரவென்னாவின் பழைய தேவாலயச் சுவரில் வண்ணக்கல் பதித்துச் செய்த ஓவியத்தில் அவர்கள் தலைக்கு மேலே எழுதியிருக்கின்றன.

ஆனால் ஐரோப்பா முழுக்க இவர்கள் மீது பக்தி பொங்கியது 1164க்குப் பிறகுதான். அந்த ஆண்டு புனித ரோமப் பேரரசர் ஃபிரடெரிக் பார்பரோசாவின் வலதுகையான ரைனால்ட் என்ற பேராயர், மூன்று ராஜாக்களின் எலும்புகள் என்று நம்பப்பட்டவற்றை மிலான் நகரிலிருந்து எடுத்துக்கொண்டு ஜெர்மனியின் கொலோன் நகருக்குப் போனார். இன்றும் கொலோன் பேராலயத்தில் தங்கப் பேழையில் அவை இருக்கின்றன. கொலோனின் நகரச் சின்னத்தைப் பாருங்கள், மேலே மூன்று கிரீடங்கள். மூன்று ராஜாக்களுக்குத்தான்.

இப்போது லே போ பக்கம் வாருங்கள். அதே காலத்தில் அவர்கள் ப்ரொவான்சுக்காகப் பார்சலோனாவை ஆண்ட பிரபு குடும்பத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். 1144 முதல் 1162 வரை மூன்று சுற்றுப் போர். அவர்கள் நம்பியிருந்தது யாரை? பேரரசரைத்தான். பார்பரோசா முதலில் ஆதரித்து, 1162இல் கைகழுவிவிட்டார். போரில் தோற்ற, அரசபட்டம் கிடைக்காத ஒரு குடும்பம். பேரரசரின் ஆட்களே மூன்று ராஜாக்களை ஊர்வலம் கொண்டுபோகும் காலம். "எங்கள் தாத்தாவே ராஜாதான், அதுவும் ஏசுவைக் கண்ட ராஜா" என்று சொல்ல இதைவிடப் பொருத்தமான நேரம் உண்டா? எனவே நட்சத்திரமும் கதையும் ஒன்றாகவே பிறந்திருக்க வாய்ப்பு உண்டு என்கிறேன்.

முத்திரைப்பித்தன் எழுதியது:

அக்கா, இது நல்ல வாதம். காலப் பொருத்தம் நிஜமாகவே இடிக்கவில்லை. ஆனால் 1160களில் யாரோ ஒருவர் எழுதி வைத்த வரி ஒன்று வேண்டும். அதில் பல்தசார் பெயர் இருக்க வேண்டும். நட்சத்திரத்துக்காவது பழைய மெழுகு முத்திரைகள் இருக்கின்றன. பல்தசாருக்கு அந்தக் காலத்துச் சாட்சி ஒன்றையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

எண்சித்தர் எழுதியது:

நீங்கள் எல்லோரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். 79 இடங்கள் என்று மணி சொன்னாரே, அது தற்செயல் இல்லை. 7ம் 9ம் கூட்டினால் 16. கேடயத்தில் 16 கதிர். 1ம் 6ம் கூட்டினால் 7. ஏழு தெய்வ எண். ஒரு ஜிப்சி மூதாட்டி சொன்ன வாக்குப்படி, அந்தப் பிரபுக்கள் 79க்கு மேல் ஓர் ஊரையும் சேர்க்கவில்லை, குறையவும் விடவில்லை என்று படித்திருக்கிறேன். இன்னொன்று: கிரேக்க நாட்டில் வெர்ஜினா என்ற இடத்தில் மாசிடோனிய மன்னர் கல்லறையில் கிடைத்த தங்கப் பெட்டியிலும் இதே 16 கதிர்ச் சூரியன். அலெக்சாண்டர் குலத்துக்கும் லே போவுக்கும் தொடர்பு இருக்கலாம்.

முத்திரைப்பித்தன் எழுதியது:

எண்சித்தரே, கணக்கு சரி, காலம்தான் உதைக்கிறது.

ஜிப்சிகள் பிரெஞ்சு மண்ணில் முதன்முதலாகப் பதிவாவது 1419இல். லே போவை ஆண்ட கிளையின் கடைசி வாரிசு அலிக்ஸ் சீமாட்டி இறந்தது 1426இல். ஆக, வாக்கு சொல்ல வந்த மூதாட்டி சொல்லி முடிப்பதற்குள் வம்சமே முடிந்துவிட்டது. அப்புறம் யார் அதைக் கேட்டு 79 ஊரைக் கட்டிக்காத்தார்கள்? மேலும் நடுக்காலச் சொத்து என்பது கல்யாணத்தில் வரும், கடனில் போகும், தம்பிக்குப் பிரித்துக் கொடுத்தால் பாதியாகும். முந்நூறு ஆண்டுகள் ஒரே எண்ணிக்கையில் எந்தக் குடும்பத்திலும் நின்றிருக்காது.

வெர்ஜினா பெட்டியை மண்ணுக்கடியிலிருந்து எடுத்தது 1977இல். 12ஆம் நூற்றாண்டு ப்ரொவான்சுக்காரர் அதை எங்கே போய்ப் பார்த்தார்? வட்டத்தைப் பாதி, பாதி, பாதி என்று வெட்டிக்கொண்டே போனால் 4, 8, 16 தானாக வரும். கவராயம் பிடித்த எந்த ஆசாரிக்கும் வரும்.

இன்னொருவர் வந்து சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: திசைகாட்டிப் பூ என்றும் சிலர் சொல்வார்கள், பதினாறு காற்றுகளின் திசை என்று. கடல்வரைபடத்தில் அப்படிப் பூப்போல வரைந்த திசைகாட்டி முதலில் காணக் கிடைப்பது 1375ஆம் ஆண்டின் கட்டலான் வரைபடத் தொகுப்பில். லே போவின் நட்சத்திரம் அதைவிட மூத்தது.

ஏற்காட்டான் எழுதியது:

தலைப்பைவிட்டு ஒரு நிமிடம் விலகுகிறேன், மன்னிக்கவும். லே போ என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தது பாக்சைட். அலுமினியத் தாது. 1821இல் பியர் பெர்த்தியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த ஊர்ப் பக்கத்துச் செம்மண்ணை ஆராய்ந்துதான் அதைக் கண்டுபிடித்தார். ஊர்ப் பெயரே தாதுவுக்குப் பெயராகிவிட்டது. எங்கள் சேர்வராயன் மலையில் தோண்டியதும் அதே தாதுதான். ஏற்காட்டில் லாரி லாரியாகப் போனதைச் சின்ன வயதில் பார்த்தவன் நான். ஒரு பிரெஞ்சுக் கிராமத்தின் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று அப்போது யாருக்குத் தெரியும்!

கேள்வி இதுதான்: சிவப்பு மண், வெள்ளைப் பாறை. கேடயமும் சிவப்பு, நட்சத்திரமும் வெள்ளை. அந்த நிறங்கள் மண்ணிலிருந்து வந்திருக்குமோ?

முத்திரைப்பித்தன் எழுதியது:

பார்க்க அப்படியே பொருந்துவது உண்மைதான். நானும் அந்த மண்ணின் படங்களைப் பார்த்து ஒரு கணம் மயங்கினேன். ஆனால் சிவப்பில் வெள்ளி என்பது ஐரோப்பாவில் கொட்டிக் கிடக்கும் சேர்க்கை. காரணம், கேடயச் சின்னங்களுக்கு ஓர் அடிப்படை விதி உண்டு. பொன், வெள்ளி இரண்டும் உலோகம். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை எல்லாம் நிறம். உலோகத்தின் மேல் உலோகமோ, நிறத்தின் மேல் நிறமோ வரக்கூடாது. நீலத்தில் கறுப்பைப் போட்டால் போர்க்களத்தில் ஒன்றும் தெரியாது, அதுதான் விஷயம். வெள்ளிக்குத் தனியாக வண்ணம் இல்லாததால் வெள்ளை பூசுவார்கள். ஆகச் சிவப்புத் தரையில் வெள்ளி நட்சத்திரம் என்பது விதிப்படி அமைந்த, கண்ணில் பளிச்சென்று படும் தேர்வு.

சிவப்பு வீரம், வெள்ளி தூய்மை, நீலம் விசுவாசம் என்று பயணப் புத்தகங்களில் ஒரு பட்டியல் போடுவார்கள் பாருங்கள், அதை மட்டும் நம்பாதீர்கள். அந்தப் பொருளெல்லாம் பெரும்பாலும் பின்னால் நூல் எழுதியவர்கள் ஏற்றிவைத்தவை. 12ஆம் நூற்றாண்டில் கேடயத்துக்குச் சாயம் பூசியவன் தூய்மையை நினைத்துப் பூசியிருக்க மாட்டான்.

திருவாரூரான் எழுதியது:

ஒரு கேள்விக்கு இவ்வளவு பேர் வருவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, மகிழ்ச்சி. இரண்டு சந்தேகம். ஒன்று, பிரபு குடும்பம் 1426இலேயே முடிந்துவிட்டது என்றால் அவர்கள் சின்னம் இன்று ஊராட்சியின் சின்னமாக எப்படி இருக்கிறது? இரண்டு, ஊருக்குள் மொனாக்கோ இளவரசர் பெயரையும் பார்த்தேன். மொனாக்கோ கொடியும் சிவப்பு, வெள்ளை. அங்கிருந்து வந்திருக்குமோ?

முத்திரைப்பித்தன் எழுதியது:

இரண்டாவதற்கு முதலில். லே போ மொனாக்கோவின் கிரிமால்டி குடும்பத்துக்குப் போனது 1642இல். ஸ்பெயினை விட்டுப் பிரான்ஸ் பக்கம் சாய்ந்ததற்காகப் பிரெஞ்சு மன்னர் பதின்மூன்றாம் லூயி அவர்களுக்குக் கொடுத்த வெகுமதிகளில் ஒன்று, மார்க்கி என்ற பிரபுப் பட்டத்தோடு. நட்சத்திரம் அதற்கு நானூறு ஆண்டுகள் முந்தியது. கிரிமால்டிகளின் சின்னம் சிவப்பும் வெள்ளியுமான சாய்சதுரக் கட்டங்கள், அதற்கும் இதற்கும் உறவில்லை. நிறம் மட்டும் ஒத்துப்போனது. பிரெஞ்சுப் புரட்சியில் ஊர் கைவிட்டுப் போனாலும் பட்டத்தை அவர்கள் விடவில்லை. இப்போதைய பட்டத்து இளவரசர், 2014இல் பிறந்த ஜாக், லே போவின் மார்க்கி என்றுதான் அழைக்கப்படுகிறார்.

முதல் கேள்விதான் சுவாரசியம். பிரான்சில் ஊர்ச் சின்னங்கள் எல்லாம் ஒரே வழியில் வந்தவை இல்லை. பெரிய நகரங்கள் தங்கள் முத்திரையிலிருந்து எடுத்தன. கிராமங்கள் பல பழைய பிரபுவின் கேடயத்தை அப்படியே சுவீகரித்தன, லே போ இந்த வகை. இன்னும் பல ஊர்களுக்கு வந்த வழி கொஞ்சம் வெட்கக்கேடானது. 1696இல் பதினான்காம் லூயிக்குப் போர்ச்செலவுக்குக் காசு இல்லை. சின்னம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் கட்டணம் கட்டிப் பதிவு செய்யுங்கள் என்று ஆணை போட்டார். தனி ஆளுக்கு 20 லிவ்ர் (அன்றைய பிரெஞ்சுப் பணம்). சின்னமே இல்லாத கடைக்காரர், மடம், சங்கம், ஊர் என்று யார் தலையிலும் கட்டிவிட்டார்கள். பதிவுக்காரர்கள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, ஒரே வடிவத்தை நிறம் மாற்றி, கோடு மாற்றி வரிசையாக எழுதித் தள்ளினார்கள். அப்படி வந்த சின்னத்துக்கு இன்று சில ஊர்களில் ஆழமான தத்துவ விளக்கம் சொல்கிறார்கள். சிரிப்புதான் வரும்.

அப்புறம் 1790 ஜூனில் புரட்சி அரசு பிரபுத்துவத்தோடு சேர்த்து இந்தச் சின்னங்களையும் ஒழித்தது. கல்லில் செதுக்கியிருந்ததை உளியால் கொத்தினார்கள். பழைய கட்டடங்களின் வாசல் மேலே மழுங்கிப்போன கேடயம் தெரிந்தால் பெரும்பாலும் அந்தக் காலத்து வேலை. இன்றைக்குச் சின்னம் வைப்பதா வேண்டாமா, எதை வைப்பது என்பதை ஊராட்சி மன்றமே முடிவு செய்துகொள்ளலாம். இவ்வளவு புகழ்பெற்ற நட்சத்திரம் கையில் இருக்கும்போது லே போ ஊராட்சி வேறு எதைத் தேடப்போகிறது?

மார்செய் மணி எழுதியது:

பிரபுக்கள் என்றதும் ஏதோ பக்திமான்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அலிக்ஸ் சீமாட்டி சிறுமியாக இருந்தபோது அவளுக்குக் காப்பாளராக வந்த ரேமோன் து துரென் என்பவனை ப்ரொவான்சின் சாபக்கேடு என்றே சொல்வார்கள். பணயத் தொகை வராத கைதிகளைக் கோட்டை விளிம்பிலிருந்து குதிக்கச் சொல்லிவிட்டு அவர்கள் தயங்குவதைப் பார்த்துச் சிரிப்பானாம். அந்த விளிம்பில் நின்று கீழே பார்த்தால் வயிறு கலங்கும், கம்பித் தடுப்பு இருந்தும்.

கோட்டைக்கும் நல்ல முடிவு இல்லை. 1483இல் பதினோராம் லூயி ஒருமுறை இடித்தார். மறுபடி எழுந்தது. 1632இல் பதின்மூன்றாம் லூயியும் அவருடைய முதன்மை மந்திரி ரிஷ்லியூவும் அடியோடு தகர்த்தார்கள். செலவு ஊர் மக்கள் தலையில்தான் விழுந்தது. முற்றுகையில் நொந்துபோன மக்களும் தொலைந்தால் போதும் என்றுதான் இருந்தார்கள். இன்று நாம் டிக்கெட் எடுத்துப் பார்ப்பது அந்த இடிபாட்டைத்தான்.

கனகாம்பரம் அக்காவுக்கு ஒரு செய்தி. அங்கே புனித வின்சென்ட் ஆலயத்தில், அதுவே பாதி பாறையைக் குடைந்தது, கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசையில் இடையர்கள் நிஜ ஆட்டுக்குட்டியைக் கொண்டுவந்து காணிக்கை வைப்பார்கள். பூவும் விளக்கும் கட்டிய குட்டி வண்டியில் ஆட்டுக்குட்டி இருக்கும், ஆட்டுக்கிடா ஒன்று அதை இழுத்து வரும். பின்னால் நீண்ட கம்பளி அங்கியில் இடையர்கள், புல்லாங்குழல், சின்ன மேளம். நான் ஒரு தடவை போனபோது குட்டி பூசை முழுக்கக் கத்திக்கொண்டே இருந்தது, குருவானவர் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டார்.

கனகாம்பரம் எழுதியது:

மணி தம்பி, படிக்கவே ஆசையாக இருக்கிறது. நான் கேட்க நினைத்ததும் இதுதான். பெத்லகேமின் நட்சத்திரத்தைக் கேடயத்தில் வைத்திருக்கும் ஊரில், ராஜாக்களை விட்டுவிட்டு இடையர்கள்தான் முன்னால் வருகிறார்கள்! அது மலையில் ஆடு மேய்த்தவர்களின் சடங்கு, கேடயம் மேலே கோட்டையில் இருந்தவர்களுடையது. ஊர்க்காரர்கள் இரண்டையும் சேர்த்துக்கொண்டார்கள்.

முத்திரைப்பித்தன் ஐயா 1160களின் ஒரு வரி கேட்டார். என்னிடம் இல்லை. ஆனால் சான்று எழுதி வைக்காத காலத்தில் குடும்பத்துக்குள் கதை ஓடாது என்று அர்த்தமில்லை. நம்பாமலா பல்தசார் பெயரைச் சொல்லிக்கொண்டு சண்டைக்குப் போனார்கள்?

முத்திரைப்பித்தன் எழுதியது:

நம்பினார்கள் என்பதை மறுக்கவில்லை அக்கா. எப்போதிலிருந்து என்பதுதான் வழக்கு. அந்த முழக்கம் 12ஆம் நூற்றாண்டுப் போர்களிலேயே ஒலித்தது என்று காட்டினால் அன்றே என் கட்சியை விட்டு உங்கள் பக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

தென்கடல் எழுதியது:

புதிதாகச் சேர்ந்தவன். பிரான்சுக்கு வெளியேயும் இந்த நட்சத்திரத்தைத் தேடுங்கள் என்று சொல்லத்தான் வந்தேன்.

ஒரு கிளை ஒரான்ஜ் என்ற ஊரின் இளவரசர்களாக இருந்தது. அங்கே கேடயத்தை நான்காகப் பிரித்து, இரண்டு கட்டத்தில் பதினாறு கதிர் நட்சத்திரமும் இரண்டு கட்டத்தில் ஊதுகொம்பும் வைத்தார்கள். 1393க்குப் பிறகு அந்தப் பட்டம் பெண்வழியாக ஷலோன் குடும்பத்துக்கும், 1530இல் நசாவ் குடும்பத்துக்கும் போனது. 1544இல் பட்டம் பெற்ற வில்லியம்தான் ஸ்பெயினை எதிர்த்து டச்சு நாட்டை எழுப்பியவர். அவருடைய சின்னத்தில் ஒரான்ஜின் கொம்பு இருக்கிறது, லே போவின் நட்சத்திரம் இல்லை. பட்டம் போன பக்கம் கொம்பும் போனது. நட்சத்திரம் குடும்பத்தோடு நின்றுவிட்டது. இதிலிருந்து ஒன்று தெரிகிறது: நட்சத்திரம் அவர்களுக்கு நிலத்தின் சின்னம் இல்லை, ரத்தத்தின் சின்னம். கனகாம்பரம் அம்மா சொல்லும் வம்சக் கதைக்கு இது கொஞ்சம் கை கொடுக்கும்.

இன்னொரு கிளை 13ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ஆன்ஷூ பகுதிப் பிரபு சார்லஸோடு இத்தாலிக்குப் போனது. நேப்பிள்ஸ் ராஜ்ஜியத்தில் 'டெல் பால்சோ' என்று பெயர் மாறி, பெரும்புள்ளிகளானார்கள். நேப்பிள்ஸின் கடைசித் தனி அரசர் ஃபெடரிகோவின் ராணி இசபெல்லா அந்தக் குடும்பம். இத்தாலியின் குதிகாலில் கலத்தினா என்ற ஊரில் புனித கத்தரினா ஆலயம் இருக்கிறது. கட்டியவர் ரைமொண்டெல்லோ ஓர்சினி டெல் பால்சோ. உள்ளே சுவர் முழுக்க ஓவியம். ஓர்சினி குடும்பத்தின் ரோஜாவும் லே போவின் கதிர் நட்சத்திரமும் ஒரே கேடயத்தில் இருக்கும். போகிறவர்கள் ஓவியங்களை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாமல் கேடயங்களையும் நிமிர்ந்து பாருங்கள்.

திருவாரூரான் எழுதியது:

தென்கடல், அங்கேயும் பதினாறு கதிர்தானா? மகள் கேட்கச் சொல்கிறாள்.

தென்கடல் எழுதியது:

விதிப்படி பதினாறுதான். ஆனால் பொதுவாகவே பழைய ஓவியர்கள் இடம் போதாத இடத்தில் கதிரைக் குறைத்தும் வரைவார்கள். சின்னத்தை வார்த்தையில் எழுதி வைத்திருப்பதுதான் கணக்கு, வரைவது அவரவர் கைவண்ணம். மகளை எண்ணச் சொல்லுங்கள், எங்கேயாவது பதினான்கு வந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள்.